“அப்பா, அந்த வில்லன் என்ன செஞ்சான்?” – திரையில் வில்லன் சோர்ந்துபோவது எதனால்?

நாஞ்சில் வாசகன் | ஞாயிறு, இரவு 10:20

நண்பர்களுக்கு வணக்கம். நேற்று மாலைக் காட்சிக்கு, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு புதிய படம் பார்த்தேன். படத்தின் பெயரை எழுதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் படம், அதை நம்பிப் பலர் பிழைக்கிறார்கள். படம் முடிந்து வடசேரி வழியாக வீடு திரும்பும்போது, வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த மகன் கேட்டான்: “அப்பா, அந்த வில்லன் என்ன செஞ்சான்?”

நான் பதில் சொல்ல வாயெடுத்து, சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டேன். அந்த வில்லன் ஐந்து மாநிலங்களில் தேடப்படுகிறவன், அவனைப் பார்த்த போலீஸ்காரர்கள் யாரும் உயிரோடு இல்லை, அவன் நினைத்தால் ஆட்சியே கவிழும் என்றெல்லாம் படத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஆனால் இரண்டேமுக்கால் மணி நேரத்தில் அவன் எங்கள் கண்ணெதிரே செய்தது, கருப்பு உடை அணிந்த ஆட்கள் சூழ நடந்து வந்ததும், தன் அடியாள் ஒருவனைக் காரணமின்றிச் சுட்டதும், இறுதியில் கதாநாயகனிடம் அடி வாங்கியதும் மட்டுமே. பின்னணி இசை முழங்கும்போதெல்லாம் பயப்பட வேண்டும் என்று புரிந்தது, பயம் வரவில்லை.

சிறுவயதில் பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பைக் கேட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தவன் நான். எனவே வயதாகிவிட்டதால் எனக்குப் பயம் மறந்துபோயிற்று என்று முதலில் நினைத்தேன். ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. வில்லன் நடிகரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு நடிக்க எதையும் கொடுக்கவில்லை. உங்களுக்கு எந்த இடத்தில் ஒரு வில்லன் ஏமாற்றமாகத் தெரிகிறான் என்பதை எழுதுங்கள். எனக்கு இது உண்மையாகவே மனத்தை உறுத்துகிறது.


தக்கலை டீச்சர் | ஞாயிறு, இரவு 11:05

மகன் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வில்லன் என்ன செய்தான் என்பதைவிட, கதாநாயகனிடமிருந்து எதைப் பறித்தான், பறித்தது திரும்பக் கிடைத்ததா என்றே நான் பார்ப்பேன்.

‘பாட்ஷா’ 1995-இல் வந்தது. ரகுவரன் நடித்த மார்க் ஆண்டனி முதல் பாதியில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இருந்தும் மாணிக்கம் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, அடி வாங்கிக்கொண்டு, தம்பியின் முகத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும், இவ்வளவு பெரிய மனிதனை இப்படி ஒடுங்கி வாழவைத்தது எது என்ற கேள்வி நமக்குள் வளர்கிறது. பிறகு அன்வரின் சாவைப் பார்க்கிறோம். அந்த நண்பன் திரும்பி வரவில்லை. எத்தனை பேரை அடித்தாலும் வரமாட்டான். ‘காக்க காக்க’ (2003) படத்தின் பாண்டியா என்ற பெயரைச் சொன்னதும் இன்றுகூட கதாநாயகனின் மனைவி மாயாவின் நினைவு வருகிறது. கதாநாயகன் வென்றபின்னும் இழப்பு இழப்பாகவே நிற்கிறது.

இப்போது பல படங்களில் வில்லன் கடத்திய தங்கை இருபது நிமிடத்தில் சிராய்ப்பில்லாமல் வீடு திரும்புகிறாள். பறித்ததையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறவன் எப்படி வில்லனாவான்? நட்சத்திரத்தின் மீது கீறல் படக்கூடாது என்ற கவலையில், வில்லனின் கையைக் கட்டிப்போட்டு மேடையில் ஏற்றிவிடுகிறார்கள்.


திருவட்டாறு கதகளிப் பிரியன் | திங்கள், காலை 6:30

டீச்சர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். இழப்பு முக்கியம்தான், ஆனால் வில்லன் அறிமுகமாகும் முறையிலேயே பல படங்கள் வழி தவறிவிடுகின்றன. எங்கள் ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் சிறுவயது முதல் கதகளி பார்த்து வளர்ந்தவன் என்பதால், எனக்கு இந்த விஷயத்தில் அளவுகோல் அங்கிருந்துதான் வருகிறது.

இராவணன், துரியோதனன், கீசகன் போன்றோருக்குக் கதகளியில் கத்தி வேஷம். முகத்தின் அடிநிறம் பச்சை. இராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் பூசுகிற அதே பச்சைதான். அதன்மேல் கன்னத்தில் மேல்நோக்கி வளைந்த கத்திபோலச் சிவப்பு வரைந்து, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளைக் குமிழ் ஒட்டுவார்கள். உயர்ந்த பிறப்பு, அதன்மேல் ஏறிய சினமும் செருக்கும் என்பது பார்த்தவுடனேயே விளங்கிவிடும். கெட்டவனுக்கும் நல்லவனுக்கும் அடிநிறம் ஒன்றே என்று முடிவு செய்த அந்தப் பழைய கலைஞர்களை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அவர்கள் மேடைக்கு வரும் விதம் திரநோட்டம். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். செண்டை முழங்கும். முதலில் ஆளைக் காணோம். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். பிறகு நீண்ட வெள்ளி நகங்கள் மாட்டிய விரல்கள் திரையின் மேல்விளிம்பைப் பிடிக்கின்றன. திரை மெல்லத் தாழும்; கிரீடம், நெற்றி, கண்கள். கண்கள் மட்டும் வெகுநேரம். மீண்டும் திரை உயரும். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அந்த விரல்களைப் பார்த்து என் பாட்டியின் மடியில் நான் சுருண்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

நம் படங்களில் காரின் கதவு திறந்து, ஷூவைக் காட்டி, புகையை ஊதி, மெதுவாக நடக்கவைப்பதும் திரநோட்டம்தான். ஆனால் கதகளியில் அதன் பிறகு இராவணனுக்கு ஆட்டம் இருக்கிறது. ‘இராவணோத்பவம்’ ஆடும்போது, தன் தாயின் கண்ணீரைக் கண்டு தவத்துக்குப் போனதையும், தலைகளை ஒவ்வொன்றாக அறுத்து வேள்வித் தீயில் இட்டதையும் ஒரே நடிகர் நெடுநேரம் நின்று அபிநயிப்பார். திரை விலகியபின் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். திரநோட்டத்தை மட்டும் ஏழு முறை காட்டிவிட்டு ஆட்டத்தை மறந்துவிட்ட படமே நீங்கள் பார்த்தது என்று நினைக்கிறேன்.


அருமனைத் தம்பி | திங்கள், காலை 9:12

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இன்றைய படங்களில் வில்லன்கள் பலவீனமாக இருக்கிறார்கள் என்பதை நான் முழுதாக ஏற்கவில்லை. ‘மாமன்னன்’ (2023) வந்தபோது என்ன நடந்தது? பகத் பாசில் நடித்த ரத்தினவேலின் காட்சிகளை வெட்டி, பாட்டுகள் சேர்த்து, அவனை ஏதோ தலைவன்போல இணையத்தில் கொண்டாடினார்கள். சாதி வெறி பிடித்த ஒருவனை எதிர்த்து எடுத்த படத்தில் அவனே நாயகனாகிவிட்டான். பந்தயத்தில் தோற்ற தன் நாயை அவன் அடித்துக் கொல்வதைப் பார்த்த பிறகும் கொண்டாடினார்கள். வில்லன் வலுவாக இருப்பதால் வரும் ஆபத்து அது. எனவே இங்கே பேச வேண்டியது வில்லனின் பலவீனமா, அல்லது எதிரே நிற்கும் நாயகனின் பலவீனமா?

மற்றொன்று, நம் ஊர். ‘மாஸ்டர்’ (2021) படத்தின் சிறார் சீர்திருத்தப் பள்ளி நாகர்கோவிலில் இருப்பதாகத்தான் கதை. விஜய் சேதுபதியின் பவானி நம் ஊரிலிருந்து ஆட்டிப்படைக்கிறான். அவனை நீங்கள் பலவீனமானவன் என்பீர்களா?


நாஞ்சில் வாசகன் | திங்கள், பகல் 1:40

தம்பி, மன்னிப்பெல்லாம் வேண்டாம். நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள்.

பவானியைப் பலவீனமானவன் என்று சொல்லவே மாட்டேன். தொடக்கத்தில் அவன் பையனாக அந்தப் பள்ளிக்குள் அடிபடுவதும், அங்கேயே கைமுட்டியை இறுக்கிக்கொண்டு வளர்வதும், பெரியவனான பிறகு ஆயுதம் தேடாமல் அந்த முட்டியாலேயே கொல்வதும் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. அவனுடைய கடந்தகாலம் அவன் கையில் இருக்கிறது. தான் செய்யும் கொலைகளைப் பள்ளிச் சிறுவர்களின் தலையில் கட்டிவிடுவது அவனுடைய வழிமுறை. தனக்கு நடந்ததைத்தான் அவன் மற்றவர்களுக்குச் செய்கிறான். டீச்சர் சொன்ன இழப்பும் அதில் இருக்கிறது. தூக்கில் தொங்கும் அந்த இரண்டு சிறுவர்களைப் பார்த்த பிறகுதான் கதாநாயகனான வாத்தியார் குடியை விடுகிறார்.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. அந்தப் படத்தின் நாகர்கோவிலில் நாகர்கோவில் இல்லை. இங்கே ஒருவன் அத்தனை பெரிய ஆளாக வளர்ந்தால், அவனை எந்தக் கோயில் கொடையில் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள், எந்தக் கல்யாண வீட்டில் அவன் வந்ததும் பந்தியில் இடம் ஒதுக்குவார்கள், யார் அவனை அண்ணாச்சி என்பார்கள், யார் பார்த்தும் பாராததுபோல் கடைக்குள் நுழைவார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஊர் ஒருவனைப் பார்த்துப் பயப்படுவதைக் காட்டினால் போதும்; பத்து வசனங்களை மிச்சப்படுத்தலாம்.

ரத்தினவேலைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். கொண்டாடியவர்கள் காட்சியை வெட்டும்போது அவன் செய்த காரியத்தை வெளியே விட்டுவிட்டு நடையையும் பார்வையையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதைப் படத்தின் குறை என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவனுக்கு வீடு, மனைவி, கௌரவம், கட்சியில் பட்ட அவமானம் என்று ஒவ்வொன்றும் தீட்டித் தந்தவர்கள், பிற்பாதியில் எதிர்த்தரப்புக்கு அந்த அளவு தரவில்லை என்றே எனக்குப் பட்டது. ஆக, நீங்கள் சொன்னது சரி. தராசின் ஒரு தட்டை மட்டும் பார்த்துப் பேச முடியாது.


கடப்புறத்தான் | திங்கள், இரவு 8:55

முட்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே படம் பார்த்து எழுதும் பழக்கம் எனக்குக் குறைவு. ஆனால் இந்த இழையைக் காலையிலிருந்து மூன்று முறை படித்துவிட்டேன்.

படத்து வில்லன்கள் எனக்கு ஏமாற்றமாக இருப்பதற்கு ஒரே காரணம்தான்: அவர்களுக்குத் தொழில் தெரிவதில்லை. கடத்தல் செய்கிறான் என்பார்கள். சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் தூக்குகிறார்கள், யாருக்கு எவ்வளவு, கணக்கு எந்த நோட்டில் என்று ஒரு காட்சிகூட இருக்காது. பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். எப்போதும் சும்மா இருக்கிற ஒருவனிடம் அவ்வளவு பணம் எப்படி வரும்?

நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். என் அப்பாவுக்கு ஒரு வள்ளம் இருந்தது. எஞ்சின் வாங்குவதற்கு, கடற்கரையில் மீன் ஏலம் கூறும் ஒருவரிடம் முன்பணம் வாங்கினார். நிபந்தனை ஒன்றே ஒன்று: கடன் தீரும்வரை பிடித்து வரும் மீனை அவர்தான் ஏலம் கூறுவார், தரகையும் அவரே எடுத்துக்கொள்வார். விடியற்காலையில் வள்ளம் கரை ஏறும்போது அவர் ஏற்கெனவே அங்கே நிற்பார். சாளை மீனைக் கையில் அள்ளி, கண்ணைப் பார்த்து, “கொஞ்சம் சதைகுறைவு, மக்களே” என்பார். அந்த ஒரு வார்த்தையில் விலை இறங்கிவிடும். சத்தம் போட்டதே கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்தான் முதலில் ஆட்டோ பிடித்துத் தருவார்; அந்தத் தொகையும் நோட்டில் ஏறும். நீல அட்டை போட்ட நீள நோட்டு, அதன் நடுவில் ரப்பர் வளையம் மாட்டிய பால்பாயிண்ட் பேனா. பதினொரு வருடம் அப்பா அந்த நோட்டுக்குள்ளேயே இருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவரைக் கண்டால், என் தலையில் கைவைத்து நன்றாகப் படிக்கச் சொல்லுவார். அந்தக் கையின் கனம் இன்னும் தலையில் இருக்கிறது.

இவரைப் போன்ற ஒருவரைத் திரையில் கண்டு நான் உறைந்தது ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில். ஒரு கிழவர். ஒல்லியான உடம்பு, யாரோடும் இயல்பாகப் பேசுகிற வாய். ஆற்றில் குளிக்கும் இளைஞனைக் கொன்று, அதை விபத்துபோல் விட்டுவிட்டு, அவர்பாட்டுக்குக் கரையேறிப் போகிறார். காசு வாங்குவதில்லை, குலதெய்வத்துக்குச் செய்யும் கடமை என்கிறார். அவருக்குத் தன் தொழில் தெரியும். திரையில் சில நிமிடங்களே வருகிற அவரைப் பார்த்து வந்த பயம், ஐந்து மாநிலங்களில் தேடப்படுகிறவனைப் பார்த்தால் வராது.


பார்வதிபுரம் வாசகர் | செவ்வாய், காலை 7:20

கடப்புறத்து நண்பரின் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன தொழில் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு ஒப்பீட்டைச் சொல்லத் தோன்றுகிறது.

நம் மாவட்டத்துக்காரரான ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003-இல் வெளிவந்த நாவல். உடல் ஊனமுற்றவர்களைப் பிச்சையெடுக்க வைத்து, வாங்கி, விற்று வாழும் போத்திவேலுப் பண்டாரம் அதன் மையம். அவர் அந்த மனிதர்களை ‘உருப்படி’ என்கிறார். அந்த ஒரு சொல்லுக்குள் அவருடைய உலகம் முழுவதும் அடங்கிவிடுகிறது. பல படங்களின் வசனகர்த்தாக்கள் பக்கம் பக்கமாக எழுதியும் வராத கொடூரம், சந்தையில் சாதாரணமாகப் புழங்கும் ஒரு சொல்லில் வந்துவிட்டது. அதே பண்டாரம் தன் பெண்மக்கள்மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவர்களின் கல்யாணத்தை நினைத்து உருகுகிறார், கடவுளை நம்புகிறார், தான் ஒரு பாவமும் செய்யவில்லை என்றே நினைக்கிறார். அவரை வெறுத்துக்கொண்டே அவரோடு சேர்ந்து கவலைப்பட்டபோது எனக்கு என்மீதே அச்சம் வந்தது.

அந்த உலகத்தை எடுத்துக்கொண்டு பாலா இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதிய ‘நான் கடவுள்’ 2009-இல் வந்தது. சண்டைக் கலைஞராக இருந்த ராஜேந்திரன் அதில் தாண்டவனாக நடித்தார். அச்சமூட்டும் தாண்டவன்தான், மொட்டைத் தலையும் அந்தக் குரலும் மறக்காது. இருந்தாலும் நாவலின் பண்டாரத்தோடு ஒப்பிட்டால் தாண்டவன் எளியவன். அவனைப் பார்த்தவுடனே கொடியவன் என்று தெரிந்துவிடுகிறது; தெரிந்தவுடன் நமக்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. பண்டாரத்தை மருமகனாகவோ சம்பந்தியாகவோ நம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்திருப்போம் என்ற எண்ணம் தரும் நடுக்கம் தாண்டவனிடம் இல்லை. திரைக்கு அப்படி ஒரு உருவம் தேவைப்பட்டிருக்கலாம் என்பதையும் மறுக்கவில்லை.

தொழில் தெரிந்த வில்லன் நகரத்துப் படத்திலும் உண்டு. ‘தனி ஒருவன்’ (2015) படத்தின் சித்தார்த் அபிமன்யுவுக்கு மருந்து வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரியும். மலிவு விலை மருந்து வந்தால் யாருக்கு நட்டம் என்று தெரியும். கதாநாயகனின் உடம்புக்குள்ளேயே ஒட்டுக்கேட்கும் கருவியைப் புதைத்துவிட்டு, அவன் போடும் திட்டங்களையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் பகுதியில், அறிவால் ஒருவன் முன்னால் நிற்பதைப் பார்த்தோம். மற்றவர்களைச் சுற்றிலும் முட்டாள்களாக நிற்கவைத்து வில்லனை அறிவாளியாக்கும் குறுக்கு வழியை அந்தப் படம் எடுக்கவில்லை.


தக்கலை டீச்சர் | செவ்வாய், மாலை 5:45

“தான் ஒரு பாவமும் செய்யவில்லை என்றே நினைக்கிறார்.” இந்த வரியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்துபோகும் தூரத்தில் வசிப்பதால் எனக்கு இது எப்போதும் நினைவுக்கு வரும். சி.வி.ராமன்பிள்ளை 1891-இல் வெளியிட்ட ‘மார்த்தாண்டவர்மா’ மலையாள நாவலில் திருவிதாங்கூர் மன்னரின் மகனான பத்மநாபன் தம்பி, மார்த்தாண்டவர்மாவுக்கு உரிய அரியணைக்கு ஆசைப்படும் சூழ்ச்சிக்காரன்; பெண்ணாசை பிடித்தவன்; வெளிப்படையான வில்லன். அந்த நாவலை 1933-இல் மௌனப்படமாகத் தயாரித்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர்.சுந்தர்ராஜ் என்பது நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை. ஆனால் அதே பத்மநாபன் தம்பியும் அவருடைய இளைய சகோதரரும் நம் ஊர் வில்லுப்பாட்டில், ‘தம்பிமார் கதை’யில், வஞ்சகத்தால் கொல்லப்பட்ட வீரர்கள். நாவலில் வில்லனாக வந்தவர், வில்லடித்துப் பாடும் புலவரின் வாயில் கும்பிடத்தக்கவராகிவிடுகிறார். பாட்டைக் கேட்டு அழுத பெண்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மன்னரின் தரப்பில் நின்றால் ஒரு கதை. தம்பிமாரின் தாய் தரப்பில் நின்றால் வேறொரு கதை.

திரைக்கதை எழுதுகிறவர்கள் இதை ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் வில்லனின் ஊரில், அவன் செத்த பிறகு, அவனைப் பற்றி ஒரு வில்லுப்பாட்டு கட்டினால் அதில் பாட என்ன இருக்கும்? ஒரு வரிகூடத் தேறாது என்றால் அவன் இன்னும் பிறக்கவில்லை.

நம் தோல்பாவைக்கூத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் மராத்தி பேசும் கலைஞர்கள், விளக்கொளியில் வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஆட்டுத்தோல் பாவைகளை அசைத்து, தமிழில் இராமாயணம் நடத்துவார்கள். இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் கொடுப்பவர் ஒரே ஆள். ஒருமுறை திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். இராவணனாகப் பேசும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த நொடி இராமனாகக் குரல் தாழ்ந்தது. வியர்வை இருவருக்கும் சேர்த்து ஒரே நெற்றியில் வழிந்தது. இராவணன் பேசும்போது அவர் முழுமனத்தோடு இராவணனாக இருந்தார். நம் வசனகர்த்தாக்களில் பலர் நாயகனுக்கு எழுதும்போது மட்டும் தொண்டையைத் திறக்கிறார்கள்.


குழித்துறை வாசகி | செவ்வாய், இரவு 9:30

இதுவரை பேசிய வில்லன்களெல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே! 1999-இல் வந்த ‘படையப்பா’வின் நீலாம்பரியை மறக்கலாமா? வீடு தேடி வந்தவனுக்கு உட்கார நாற்காலி கொடுக்காமல் நிற்கவைக்கிறாள். அவன் துண்டை வீசி மேலே கட்டியிருந்த ஊஞ்சலை இறக்கி உட்காருகிறான். கத்தியில்லை, ரத்தமில்லை, ஒரு நாற்காலியை வைத்து நடந்த சண்டை அது. பிறகு பதினெட்டு ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறாள். அந்த நெடிய வெறியை நம்பவைத்தது ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு. அவள் கடைசிவரை மனம் திருந்தவில்லை என்பது எனக்குப் பிடிக்கும். இறுதிக் காட்சியில் வில்லன் காலில் விழுந்து அழுதுவிட்டால் அதுவரை பட்ட பயமெல்லாம் வீணாகிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் மலையாளப் படங்களும் வீட்டுப் படங்கள்தான். ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படத்தின் ஷம்மியை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கண்ணாடி முன்னால் மீசையைச் சரிசெய்து தன்னையே ரசிக்கிறான். கண்ணாடியில் மனைவி ஒட்டிவைத்த பொட்டை பிளேடால் சுரண்டி எடுக்கிறான். இவ்வளவுதான். கொலையோ மிரட்டலோ நடக்கவில்லை. ஆனால் என்னைப் போன்ற பெண்களுக்கு அந்தப் பொட்டு போன இடத்திலேயே படம் முழுவதும் தெரிந்துவிட்டது. அப்படிப்பட்ட மாப்பிள்ளையை எங்கள் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். பந்தியில் அவருக்குத்தான் முதல் இலை போடுவோம். கடப்புறத்து அண்ணன் சொன்ன அந்தக் கையின் கனம் எனக்கு இங்கே புரிந்தது.


அருமனைத் தம்பி | புதன், காலை 8:15

டீச்சர், தோல்பாவை பற்றி எழுதியதைப் படித்தபின் என் கருத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறேன். ரத்தினவேலின் குரலைத் தொண்டை திறந்து எழுதியதுதான் அந்தப் படத்தின் பலம். மாமன்னனுக்கும் மகனுக்கும் கடைசிவரை அதே தொண்டையைக் கொடுத்திருந்தால் வெட்டுக்காட்சிகள் வேறு விதமாக வந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. முதல் பாதியில் மகன் அப்பா மாமன்னனை நாற்காலியில் உட்காரச் சொல்லும் இடத்தில் அது இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

சிறியதாக ஒன்று. வேறு மொழிகளிலிருந்து உயரமான, அழகான நடிகர்களை வரவழைத்து வில்லனாக்குவதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வாயசைவு ஒன்று, குரல் ஒன்று, வசனத்தில் ஊர் எதுவுமில்லை என்றால் அவர் பொம்மையாகிவிடுகிறார். ‘சாமி’ (2003) படத்தின் பெருமாள் பிச்சையும் தெலுங்கிலிருந்து வந்த கோட்டா சீனிவாச ராவ் நடித்ததே. திருநெல்வேலியின் ஒரு பெரிய மனிதராகவே அவரை ஏற்றுக்கொண்டோம், ஏனென்றால் அந்தப் பாத்திரத்துக்கு ஒரு தெரு இருந்தது.


நாஞ்சில் வாசகன் | புதன், இரவு 9:50

இரண்டு நாட்களாக வீட்டில் இதே பேச்சு. கடப்புறத்து நண்பரின் பதிவை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். நீல நோட்டு வந்த இடத்தில் அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தான். ஆட்டோ பிடித்துத் தந்த காசும் நோட்டில் ஏறியது என்று வாசித்ததும், “அப்போ அவரு நல்லவரா கெட்டவரா?” என்றான். நான் பதில் சொல்லவில்லை. திரையரங்கில் வராத பயம் சாப்பாட்டு மேசையில் வந்துவிட்டது என்பதை அவன் முகத்திலேயே கண்டேன்.

படுக்கப் போகும் முன் மறுபடியும் கேட்டான்: “அந்த ஏலக்காரருக்குக் கடைசியில என்ன ஆச்சு?” எனக்குத் தெரியாது, அவரிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நண்பரே, சொல்ல விருப்பமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.


கடப்புறத்தான் | வியாழன், காலை 5:40

பையனிடம் சொல்லலாம், மறைக்க ஒன்றுமில்லை.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, போலீஸ் வரவில்லை. என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் அப்பா கடனை அடைத்தார். அன்றைக்கு அவர் கணக்கைக் கூட்டிப் பார்த்து, கடைசி இருநூறு ரூபாயைத் தள்ளுபடி செய்து, எங்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார்.

பல வருடங்கள் கழித்து வயதாகி, தூக்கத்தில் இறந்தார். கோயில் மணி அடித்தார்கள். அன்று ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. கடப்புறமே அடக்கத்துக்கு வந்திருந்தது. பெட்டியைத் தூக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் வலது தோளில் பெட்டியின் விளிம்பு அழுத்திய சிவந்த தடம் இருந்தது. அம்மா அதில் எண்ணெய் தடவினாள். அப்பா ஒன்றும் பேசவில்லை.